தண்ணீர்க் குழாய் இல்லாத வண்டி

காவிரிப் பாலத்தின் மேல் திருச்சிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஏறி உட்கார மனம் வரவில்லை. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை நடப்பேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்து நிற்பேன். மூச்சு திரும்பி வந்ததும் மறுபடி நடப்பேன். பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, “என்னங்க, தலை சுத்துதா? ஏறுங்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடறேன்” என்றார்.

“வேணாங்க. நீங்க போங்க.”

எனக்குப் பின்னால், ஸ்ரீரங்கத்தில், கருணாகரன் வீட்டுக் கூடத்தில் நான் தொடாமல் வைத்துவிட்டு வந்த காப்பி இந்நேரம் ஆறி ஏடு கட்டியிருக்கும். கருணாவும் நானும் ஒரே லாரிக்கு அடியில் ஒரே தார்ப்பாயில் பல வருஷம் படுத்தவர்கள். அவன் வீட்டில் நான் காப்பி குடிக்காமல் எழுந்தது அன்றுதான் முதல் தடவை. ஏன் எழுந்தேன் என்று சொல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் மணப்பாறைக்காரன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. சந்தையில் மாடு பிடித்துக் கொடுத்தேன், முறுக்கு மூட்டை ஏற்றினேன், திருப்பூரில் சாயத்தில் கால் நனைத்தேன். எதிலும் கால் நிற்கவில்லை. கடைசியில் நிற்காத வேலையே கிடைத்தது: போர்வெல் போடும் ரிக் வண்டி. சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரா என்று அந்த வண்டி போகாத மாநிலம் குறைவு. கருணா டிரில்லர், லீவர் பிடிப்பவன். நான் குழி ஓரத்தில் நின்று ராடு மாட்டுபவன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிக் வண்டி தரையைத் தோண்டுவதில்லை, இடிக்கும். ராடு என்கிற இரும்புக் குழாயின் முனையில் ஒரு சம்மட்டி இருக்கும். கம்ப்ரசர் காற்று ராடு வழியாகக் கீழே போய் அந்தச் சம்மட்டியை அடிக்க வைத்து, நொறுங்கிய பாறையை மாவாக்கி மேலே தள்ளும். குழியிலிருந்து வெள்ளைப் புகை போல அது கிளம்பும். புகையல்ல; கல். ராடு மாட்டுபவன் அதற்குள்தான் நிற்பான். வாயில் ஒரு துண்டு கட்டிக்கொள்வோம். கீழே ஊற்று தட்டியதும் புழுதி சேறாக மாறிக் கக்கும். போர் போடச் சொன்ன தோட்டக்காரர் கும்பிடுவார். நாங்களும் கும்பிடுவோம், எங்களுக்கு அது மூச்சு விடும் நேரம்.

இருமல் சில வருஷமாகவே இருந்தது. ராய்ப்பூரில் ஒரு டாக்டர் டிபி என்று மாத்திரை கொடுத்தார். வண்டி நகர்ந்தது, மாத்திரை நின்றது. வேறொரு ஊரில் வேறொருவர் ஆஸ்துமா என்றார். கடைசியில் ஒரு நாள், சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் தங்கை சுமதி வீட்டில், குடத்தைத் தூக்கினேன். நெஞ்சுக்குள் துணி கிழிந்த மாதிரி ஒரு வலி. அப்புறம் உள்ளே இழுத்த காற்று எங்கே போகிறது என்றே தெரியவில்லை. சுமதி ஆட்டோ பிடித்துப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, “பேசாத அண்ணே, பேசாத” என்று அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா என் நெஞ்சில் விரலால் தட்டினார். ஒரு பக்கம் தேங்காய் மாதிரிச் சத்தம், மறுபக்கம் காலிப் பானை மாதிரிச் சத்தம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்: நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் வழியாகக் கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி, நுரையீரலையே அமுக்கிச் சுருட்டிவிட்டது. விலா எலும்புகளுக்கு நடுவில் துளை போட்டு, ஒரு குழாய் விட்டு, அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். இருந்தாலும் குழாய் உள்ளே தள்ளப்படுவது தெரிந்தது. என் உடம்பில் போர் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டிலுக்குள் முங்கியிருந்தது. நான் இருமினால் அதில் குமிழி வரும். குமிழி நின்றுவிட்டால் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். கழிவறைக்குப் போனாலும் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டே போக வேண்டும். மார்புக்கு மேலே தூக்கக் கூடாது.

இரவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வார்டு முழுக்க இருமல். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பிப்பார். நான் என் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

சுமதி ஒரு லாட்ஜில் துணி வெளுக்கும் வேலை பார்க்கிறாள். அங்கே கழித்த கெட்டிப் போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எனக்குப் போர்த்தினாள். மூலையில் லாட்ஜ் பெயர் அச்சடித்திருந்தது. நர்ஸ் அதைப் படித்துவிட்டு, “ஏசி ரூமா, சாதா ரூமாங்க?” என்று கேட்டார். “ஏசி சொன்னேன், இன்னும் போடல” என்றேன். சிரித்தது தப்பு. பாட்டில் கொதித்த மாதிரிக் குமிழி விட்டது.

சளியை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். டிபி இல்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி இல்லை. சிடி ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலியில் வரிசையில் காத்திருந்தேன். படம் வந்ததும் டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரியது என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

“நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

சொன்னேன்.

“இது சிலிக்கோசிஸ். கல்லுத் தூசி உள்ள போய்த் தங்கி, நுரையீரல் முழுக்கத் தழும்பாகியிருக்கு. அந்தத் தழும்புலதான் ஓட்டை விழுந்திருக்கு. ஓட்டை ஆறிடும். தழும்பு ஆறாது. இனிமே தூசி சேராம பாத்துக்கறதுதான் வைத்தியம்.” பிறகு கேட்டார்: “நான் அந்த வண்டியப் பக்கத்துல பாத்ததில்ல. தூசி உங்க மேல எப்படி வரும்? எவ்வளவு கிட்ட நிப்பீங்க?”

கையால் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. படம் வரைய முயன்றேன். ஏணி வைத்த எருமை மாதிரி வந்தது.

அப்போதுதான் ரபீக் பாய் எட்டிப் பார்த்தார். அடுத்த கட்டில் பெரியவரின் மகன். பாலக்கரைக்காரர். வளைகுடாவில் வரைபடம் போடும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் அத்தாவுக்குத் துணையாக இருந்துகொண்டு நாள் முழுக்க மடியில் லேப்டாப்பை வைத்து ஏதோ செய்வார். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகி வீடு, கார் செய்வார்களே, அந்தக் கட்டைகளைத் திரையிலேயே அடுக்கும் சாப்ட்வேர் அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்கும் வண்டியை இவர் திரையில் கட்டி அனுப்புவார். அவர்கள் நிஜக் கட்டை வாங்கி அதைப் பார்த்துச் செருகிக்கொள்வார்கள்.

“கிரேன் பண்ணிருக்கேன், ரோடு ரோலர் பண்ணிருக்கேன். ரிக் வண்டி யாரும் பண்ணினதில்லண்ணே. நீங்க சொல்லுங்க, நான் கட்டறேன். டாக்டரம்மாவுக்குக் காட்டுவோம்” என்றார் ரபீக் பாய்.

அவர் அத்தா கட்டிலிலிருந்து, “வந்தவன் அப்பனப் பாக்க வந்தானா, பொம்மை செய்ய வந்தானா?” என்றார். ஆனால் கட்டிலை உயர்த்தச் சொல்லி அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையின் இடது ஓரத்தில் கட்டைகள் வரிசையாக இருக்கும். இழுத்து நடுவில் விட்டால் இன்னொரு கட்டையின் குமிழில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டை ஒரே இடத்தில் மோதினால் சிவப்பாகக் காட்டும். முதலில் லாரி அடித்தட்டு, பத்துச் சக்கரம். அதன் மேல் கம்ப்ரசர். பின்னால் மாஸ்ட், அதாவது ராடைத் தாங்கும் உயரமான இரும்புச் சட்டம். பயணத்தில் அது கேபின் மேல் படுத்திருக்கும், வேலையில் நிமிரும். அதற்குக் கீல் வைத்த கட்டை தேடினோம். முதல் தடவை நிமிர்த்தியபோது மாஸ்ட் கம்ப்ரசருக்குள் புகுந்து வெளியே வந்தது. பாய் இரண்டு கட்டை தள்ளி வைத்தார். சரியாக நிமிர்ந்தது.

“நிறுத்துங்க பாய். ஜாக்கி போடல.”

“ஜாக்கி எதுக்குண்ணே? இங்க எதுவும் விழாது. திரையில பாரமே கிடையாது. அந்தரத்துல விட்டாலும் நிக்கும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜாக்கி இறக்காம மாஸ்ட்ட தூக்குனா வண்டி கவுந்துரும். நாளைக்கு ஒருத்தர் நெசக் கட்டையில செய்வாருல்ல?”

பாய் தலையைச் சொறிந்துகொண்டு நாலு ஜாக்கியும் வைத்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பல வருஷம் ஏறி இறங்கிய வண்டியை முதல் தடவையாக எட்ட நின்று முழுசாகப் பார்த்தேன். மூலை மூலையாக எனக்கு அது தெரிந்திருந்தது. முழுதாகத் தெரிந்ததில்லை.

பிறகு ஆட்களை வைத்தோம். லீவர் பக்கம் கருணா. குழி ஓரத்தில் நான். எல்லாப் பொம்மை முகமும் சிரித்தது.

“சிரிக்காத முகம் இருக்கா பாய்?”

தேடினார். துணியால் மூக்கு வாயைக் கட்டிய திருடன் முகம் ஒன்று இருந்தது. “அதான், அதையே போடுங்க” என்றேன்.

கடைசியில் புழுதி. பாய் சின்ன வெள்ளை வட்டக் கட்டைகளை அள்ளிக் குழியைச் சுற்றி அந்தரத்தில் தூவினார். எதனோடும் ஒட்டாத கட்டை இருக்கிறது என்று சாப்ட்வேர் எச்சரித்துக்கொண்டே இருந்தது. பாய் அதை மூடிவிட்டு இன்னும் தூவினார். பொம்மையின் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

டாக்டரம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாய் திருப்பிக் காட்டினார். “இதுக்குள்ளயா நின்னீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். “தண்ணி தெளிச்சா தூசி அடங்குமே, அந்த ஏற்பாடு வண்டியில இல்லையா?”

“சில வண்டில காத்தோட தண்ணியும் போற மாதிரி குழாய் இருக்குங்கம்மா. எங்க வண்டில கிடையாது. தோட்டக்காரங்க விட மாட்டாங்க. நாம தண்ணி விட்டா, வரது ஊத்துத் தண்ணியா, ஊத்துன தண்ணியான்னு சந்தேகப்படுவாங்க. ஏமாத்தறான்னு அடிக்க வந்துருவாங்க. அதனால முதலாளி வண்டி வாங்கும்போதே அந்தக் குழாயக் கழட்டிட்டாரு.”

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். “நான் எழுதி அனுப்பறேன். தொழிலாளர் துறைலேருந்து வந்து வண்டியப் பாப்பாங்க. உங்களுக்கு உதவி கிடைக்கும், மத்தவங்களுக்கும் குழாய் வரும். ஆனா உங்ககூட வேலை பாத்தவர் ஒருத்தர் இப்படித்தான்னு சொல்லணும். நீங்க ஒருத்தர் சொன்னா முதலாளி மறுத்துருவார்.”

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. இந்த நெஞ்சு தானாகக் கெடவில்லை, பீடியால் கெடவில்லை, இந்த வேலையால் கெட்டது என்று பக்கத்தில் நின்றவன் ஒருவன் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இருந்தான். கருணாவுக்குப் போன் பண்ணினேன்.

மறுநாளே வந்தான். கையில் மணப்பாறை முறுக்கு. “கடிக்க முடியுமாடா? முடியாதுன்னா சொல்லு, நானே தின்னுடறேன்” என்றான். லேப்டாப்பைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது. “டேய் மாப்ள! நம்ம வண்டிடா!” ரபீக் பாயை விலக்காத குறையாக உட்கார்ந்தான். லீவர் வரிசை தப்பு என்று திருத்தினான். ராடு பெட்டி இந்தப் பக்கம் என்றான். தன் பொம்மையைப் பார்த்து, “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு முடி வச்சிருக்கீங்க?” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டான். வார்டே சிரித்தது.

டாக்டரம்மா கேட்டதைச் சொன்னேன். “அதுக்கென்னடா, சொல்லிட்டாப் போச்சு” என்றான். “ஒரு நிமிஷம், போன் பேசிட்டு வரேன்” என்று வராந்தாவுக்குப் போனான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் பேசுவது முதலாளி என்று தோன்றவே இல்லை எனக்கு.

திரும்பி வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“தண்ணி லைன விட்டுட்டியே மாப்ள.”

“எந்தத் தண்ணி லைன்?”

“டேங்குலேருந்து காத்துக் குழாய்க்கு வர லைன். பாய், அந்த நீலக் குழாய் இருக்கு பாருங்க, அத எடுங்க. இங்கேருந்து... இங்க.” விரலால் திரையைத் தொட்டுக் காட்டினான்.

ரபீக் பாய் என்னைப் பார்த்தார். கருணா வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துத் தலையசைத்தேன். பாய் இழுத்து வைத்தார். அழகாக ஒட்டிக்கொண்டது, சிவப்புக்கூடக் காட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். “நீங்கதான் டிரில்லரா? எப்படி வேலை பாப்பீங்க, சொல்லுங்க.”

“தண்ணி விட்டுத்தாங்கம்மா ஓட்டுவோம். எப்பவும். புழுதியே இருக்காது. இதோ, இவன் செஞ்ச படத்துலயே இருக்கு பாருங்க.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “டேய்” என்று மட்டும் வந்தது. மற்றதெல்லாம் இருமலாகப் போனது. பாட்டில் குமுறியது. கருணாதான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான். “பேசாதடா, பேசாத” என்றான். தங்கை ஆட்டோவில் சொன்ன அதே வார்த்தை. எனக்கு மூச்சு வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். முறுக்கு கட்டில் மேல் இருந்தது.

ரபீக் பாய் நீலக் குழாயை அழித்தார். “ஒரு பட்டன்தாண்ணே” என்றார். அவர் அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலையில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் உங்கள நம்பறேன். நான் நம்பினா பத்தாது. வண்டியப் பாக்கச் சொல்லி எழுதறேன்” என்றார். சில நாளில் குமிழி நின்றது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் விரிந்திருந்தது. குழாயை உருவித் தையல் போட்டார்கள். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தை எழுப்பச் சொன்னார்கள். முதல் பந்து எழும்பியது. இன்றைக்கும் முதல் பந்துதான்.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கருணா வீட்டுக்கு மேல்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அவன் மனைவி, “வாங்கண்ணே, ரொம்ப இளைச்சுட்டீங்களே” என்று காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

“ஏண்டா?” என்றேன். வேறு கேள்வி என்னிடம் இல்லை.

“முதலாளி ரெண்டாவது வண்டில என்னப் பங்குக்குச் சேத்திருக்காரு.” தரையைப் பார்த்துச் சொன்னான். “நீ சொல்ற மாதிரி நான் சொன்னா வண்டி நிக்கும். வண்டில இருக்கற எல்லாப் பயலும் நடுத்தெருவுல நிப்பான். நீ இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கேயோ. எனக்கு வீடு இருக்குடா.”

“குழி ஓரத்துல இப்ப யாரு நிக்கறா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இருமல். அதன் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். நான் அவன் முதுகைத் தட்டவில்லை.

“டாக்டரப் பாரு” என்றேன்.

“எனக்கு ஒண்ணுமில்ல. சளி.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகச் சொன்னான்: “வண்டிய யாரு வேணா வந்து பாக்கட்டும். அரியமங்கலத்துலதான் நிக்குது, பட்டறைல. தண்ணி லைன் இருக்கும். போய்ப் பாத்துக்க.”

அங்கேதான் எழுந்தேன். பாலம் முழுக்க அந்த ஒரு வார்த்தையோடுதான் நடந்தேன். ‘இருக்கு’ என்று சொல்லவில்லை அவன். ‘இருக்கும்’ என்றான்.

மறுநாள் காலை சுமதி வேலைக்குக் கிளம்பியதும் அரியமங்கலம் பஸ் ஏறினேன். பட்டறைக்காரர் சேகரண்ணனை எனக்கு நெடுநாளாகத் தெரியும். எங்கள் வண்டி எப்போதும் அவரிடம்தான் வரும். வாசலிலேயே அது நின்றது, மாஸ்டைக் கேபின் மேல் படுக்கப்போட்டு. பக்கத்தில் புதுப் பம்ப், அட்டைப் பெட்டியோடு. சுருட்டி வைத்த நீலக் குழாய்.

“வாங்க, வாங்க! உடம்பு எப்படி இருக்கு? நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார் சேகரண்ணன். “தண்ணி லைன் போடச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரு வேலைக்கு வரல. இந்த வண்டியோட சூட்சுமம் உங்களுக்குத்தான் தெரியும். பாரம் தூக்க வேணாம். சும்மா உக்காந்து மாட்டுங்க. செய்யறீங்களா?”

வண்டியைச் சுற்றி வந்தேன். இப்போது எதற்கு என்று கேட்டதற்கு, முதலாளிக்கு அவசரமாக வேண்டுமாம், யாரோ பார்க்க வருகிறார்களாம் என்றார்.

“செய்யறேன்” என்றேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டேன். எந்த இடம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கருணா விரல் வைத்துக் காட்டிய இடம் நினைவில் இருந்தது. டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து காற்றுக் குழாய். கிளாம்பை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இறுக்கினேன். குழி ஓரத்தில் நாளைக்கு நிற்கப்போகிறவனை எனக்குத் தெரியாது. கசியக் கூடாது. தண்ணீர் திறந்து பார்த்தேன். கசியவில்லை.

சேகரண்ணன் உப்புத்தாளும், ஒரு கிண்ணத்தில் குழைத்த செம்மண்ணும் கொண்டுவந்து வைத்தார். “குழாய லேசாத் தேச்சு, மண்ணப் பூசி விடச் சொல்லியிருக்காங்க. ரொம்ப நாளா இருந்த மாதிரி தெரியணுமாம்.”

“குழாய் மாட்டத்தானே சேத்தீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். என் விலாவில், சட்டைக்கு மேலே கை வைத்துக்கொண்டு நான் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிண்ணத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“அடுத்து அந்த லாரிக்கு பிரேக் பாக்கணும். டீ குடிச்சிட்டு வாங்க” என்றார்.

வெயில் ஏறியிருந்தது. பத்து வருஷத் துருவுக்கு நடுவில் அந்தக் குழாய் மட்டும் நீலமாகப் பளபளத்தது. டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது.